பாதிப் படம் இருட்டு

இரண்டரை மணி நேரப் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், உண்மையில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான் படம் பார்த்திருப்பார். மீதி நேரம் திரையில் ஒன்றுமே இல்லை. பகலெல்லாம் தறியில் உட்கார்ந்துவிட்டு இரண்டாம் ஆட்டத்துக்குப் போன குறிஞ்சிப்பாடி நெசவாளியும் சரி, ஷிப்டு முடித்துவிட்டு வந்த நெய்வேலித் தொழிலாளியும் சரி, டிக்கெட் காசில் பாதியை இருட்டுக்குத்தான் கொடுத்தார்கள். இப்போது பல ஊர்களில் பூட்டிக் கிடக்கும் அந்தப் பழைய தியேட்டர்களின் ரகசியமே இதுதான்.

காரணம் எளிது. பிலிம் நிற்காமல் ஓடினால் திரையில் கலங்கல்தான் தெரியும். ஒவ்வொரு படமும் விளக்கின் முன்னால் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு சட்டென்று விலகி அடுத்ததற்கு இடம் விட வேண்டும். பேசும் படத்தில் இது விநாடிக்கு 24 முறை நடக்கிறது. 1895-இல் காப்புரிமை பெற்ற தன் சினிமா கருவிக்கு லூயி லூமியேர் வழி கண்டது தையல் மிஷினிலிருந்து. ஊசி துணிக்குள் இருக்கும்வரை துணி நகராது. ஊசி மேலே ஏறியதும் ஒரு தையல் தூரம் நகரும். பின்னாளில் தியேட்டர் மெஷின்களில் இந்த வேலையை நான்கு பள்ளம் கொண்ட ஒரு சிலுவைச் சக்கரம் ஏற்றுக்கொண்டது. அதன் பக்கத்தில் ஓயாமல் சுற்றும் இன்னொரு சக்கரத்தின் முளை, சுற்றுக்கு ஒருமுறை ஒரு பள்ளத்தில் நுழைந்து சிலுவையைக் கால் சுற்றுத் தள்ளும். பிலிம் 19 மில்லிமீட்டர் இறங்கும். இதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் சுமார் நூறில் ஒரு பங்கு.

அந்த நகர்வு நம் கண்ணில் படக் கூடாது. அதற்காக விளக்கை மறைக்க ஒரு விசிறித் தகடு சுற்றுகிறது. அதில் இரண்டு இதழ்கள். ஒன்று பிலிம் நகரும்போது மறைக்கும். இன்னொன்று, படம் சும்மா நிற்கும்போதே ஒருமுறை வேண்டுமென்றே மறைக்கும். விநாடிக்கு 24 முறை மட்டும் ஒளி வந்தால் திரை படபடவென்று துடிக்கும். ஒரே படத்தை இருமுறை காட்டி அதை 48 ஆக்கினால் துடிப்பு அநேகமாக மறைந்துவிடும். துடிப்பைப் போக்க இன்னும் கொஞ்சம் இருட்டைச் சேர்த்தார்கள் என்பதுதான் இதில் விசித்திரம்.

துடிப்பு போனது சரி, அசைவு எங்கிருந்து வந்தது? ஒரு படத்தின் சாயல் விழித்திரையில் சிறிது நேரம் தங்குவதால்தான் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆனால் சாயல் மட்டும் தங்கினால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொள்ளுமே தவிர, யாரும் ஓட மாட்டார்கள். 1912-இல் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் அடுத்தடுத்து மின்னும் இரண்டு கோடுகளை வைத்துச் சோதித்தார். இடைவெளி சரியாக அமைந்தால், நிற்கிற கோடுகள் இரண்டும் ஒரே கோடு நகர்வதுபோலத் தெரிந்தன. அசைவை மூளை தானே உண்டாக்குகிறது. எம்.ஜி.ஆர். சுழற்றிய சிலம்பம் பிலிமில் இல்லை. அங்கே இருப்பதெல்லாம் உறைந்து நிற்கும் கம்புகள். சுழன்றது தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவரின் தலைக்குள்.

ஒலியின் சங்கதி நேர்மாறு. பிலிம் ஓரத்தில் ஓடும் ஒலிக்கோட்டைத் துளிகூடத் தடங்காமல் இழுத்தால்தான் பாட்டு பாட்டாகக் கேட்கும். விட்டுவிட்டு இழுத்தால் கரகரப்புதான் மிஞ்சும். அதனால் படம் நிற்கும் இடமும் ஒலி படிக்கும் இடமும் வெவ்வேறு. நடுவில் பிலிம் கொஞ்சம் தளர்ந்து வளைந்து தொங்கும். ஒரு காட்சிக்குரிய ஒலியை சுமார் 20 படங்கள் முன்னாலேயே பதித்திருப்பார்கள். மெஷினை ஓட்டும் ஆபரேட்டர் அந்த வளைவைத் தப்பாக விட்டால் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்.

இனி விளக்கு. இரண்டு கார்பன் குச்சிகளைத் தொடவைத்துச் சற்றே விலக்கினால் நடுவில் கண் கூசும் மின்வில் எரியும். குச்சியின் நுனி 3,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடும், திரை மங்கும். உடனே கீழே விசில் பறக்கும். ஆபரேட்டர் கருப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக் குச்சிகளை நெருக்குவார். குறிஞ்சிப்பாடி, நெய்வேலிப் பக்கத்து ஊர்களுக்கு இதில் ஒரு தனி உறவு உண்டு. நெய்வேலியில் 1962-இல் பழுப்பு நிலக்கரியில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். மண்ணுக்கடியில் கிடந்த கார்பனை எரித்து எடுத்த மின்சாரம், புரொஜெக்டர் கேபினில் இன்னொரு கார்பனை எரித்து நாயகியின் முகத்தைக் காட்டியது.

தீர்ந்துபோன குச்சித் துண்டும் வெட்டியெறிந்த பிலிம் துண்டும் பையன்களின் சொத்து. பியூஸ் போன பல்பின் அடியை உடைத்துத் தண்ணீர் நிரப்பினால் லென்ஸ் தயார். கதவிடுக்கில் வரும் வெயிலைக் கண்ணாடியால் திருப்பி, பிலிமைத் தலைகீழாகப் பிடித்தால், சுவரில் கட்டிய வேட்டியில் சிவாஜி நிமிர்ந்து நிற்பார். லென்ஸ் பிம்பத்தைக் கவிழ்த்துவிடும் என்பதைப் பள்ளிக்கூடம் சொல்வதற்கு முன்பே இப்படித் தெரிந்துகொண்டவர்கள் ஏராளம். பெரிய மெஷினிலும் பிலிமைத் தலைகீழாகத்தான் மாட்டுவார்கள்.

அவ்வளவு வெப்பத்துக்குப் பக்கத்திலேயே பிலிம் ஓடியது. தொடக்க காலப் பிலிம் நைட்ரேட்டால் ஆனது. எரியத் தேவையான ஆக்சிஜனும் அதற்குள்ளேயே இருப்பதால், தண்ணீருக்குள் போட்டாலும் அது எரியும். கோடக் நிறுவனம் 1948-இல் பாதுகாப்பான பிலிமைக் கொண்டுவந்த பிறகு நைட்ரேட் மெல்ல ஒழிந்தது. ஆனாலும் அந்தப் பயம் கட்டடங்களின் வடிவத்தில் தங்கிவிட்டது. தடித்த சுவரும் கூரைமேல் புகைபோக்கியும் வெளிப்பக்கம் தனி வழியும் கொண்ட கேபின், அதன் சதுர ஓட்டைகளை மூட இரும்புத் தகடு: இவையெல்லாம் தீ அரங்குக்குள் வராமலிருக்க.

தமிழ்நாட்டில் கட்டடத்துக்கு முன்னால் கூடாரம்தான் வந்தது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். பிறகு 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். அதற்குச் சற்று முன்பே, 1913-இல் வார்விக் மேஜர் என்பவர் சென்னை மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டரைத் திறந்திருந்தார். அது 1915-இலேயே மூடப்பட்டு அஞ்சல் துறையின் கைக்குப் போனது. மூடிய தியேட்டர் வேறு வேலைக்குப் போவது நம் ஊரில் நூறாண்டுப் பழக்கம்.

கூடாரத்தின் நேரடி வாரிசு கீற்றுக் கொட்டகை. அங்கே பெரும்பாலும் ஒரே மெஷின். 2,000 அடி ரீல், நிமிடத்துக்கு 90 அடி வீதம், 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் டூரிங் டாக்கீஸில் முறுக்கு விற்பவருக்குப் பல இடைவேளை கிடைத்தது. நிலையான தியேட்டரில் இரண்டு மெஷின். ஒரு ரீல் முடிய எட்டு விநாடி இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும்; ஆபரேட்டர் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போடுவார். கடைசி விநாடியில் இன்னொரு புள்ளி, விளக்கு கைமாறும். கீழே இருப்பவர்களுக்குத் தெரியாமல் முடிந்தால், அவர் தொழில் தெரிந்தவர்.

படப்பெட்டியோடு இந்த உலகம் போய்விட்டது. தொலைக்காட்சி கூட்டத்தைக் குறைத்தது, நிலத்தின் விலை ஆசை காட்டியது. கடைசியில் டிஜிட்டல் வந்தது. ஃபியூஜிஃபிலிம் 2013-இல் திரைப்படப் பிலிம் தயாரிப்பதை நிறுத்தியது. இப்போதைய 2கே மெஷினில் பிலிமும் இல்லை, விசிறித் தகடும் இல்லை. அதிலிருக்கும் ஒவ்வொரு மின்னணுச் சில்லிலும் சுமார் 22 லட்சம் நுண்ணாடிகள். ஒவ்வொன்றும் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து ஒளியைத் திரைக்கோ ஓரத்துக்கோ அனுப்புகிறது. புதிய மெஷினுக்குப் பணம் போட முடியாத சிறுநகர உரிமையாளர்கள் பலர் பூட்டைப் போட்டார்கள். சில தியேட்டர்கள் கல்யாண மண்டபமாயின.

அப்படி ஒரு மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் மேடையைப் பார்ப்பார்கள். நீங்கள் மட்டும் ஒருமுறை பின்னால் திரும்பி, மேல்சுவரைப் பாருங்கள். சிமென்ட் பூசி அடைத்த சதுரங்கள் நான்கு தெரிந்தால் இரண்டு ஒளி போனவை, இரண்டு ஆபரேட்டர் எட்டிப் பார்த்தவை. அங்கே இரண்டு மெஷின் ஓடியது. சதுரம் இரண்டே என்றால், அந்த ஊர்க்காரர்கள் நிறைய முறுக்கு தின்றிருக்கிறார்கள்.