சூரிய சக்தி பம்புசெட்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

"ஏனுங்க சார், சோலார் மோட்டார் போட்டா தண்ணி ஏறுமாங்க? இல்ல, பேனல் மட்டும் வெயில் காயுமாங்க?" பொங்கலூர், குண்டடம், தாராபுரம் பகுதிகளில் பயிற்சிக்கு வரும் விவசாயிகள் பலரும் கேட்கும் கேள்வி இது. இதைப் படிப்பறிவில்லாதவர் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. புதிய தொழில்நுட்பம் என்ற பெயரைக் கேட்டதும் சந்தேகப்படுவதற்கு நம் மாவட்டத்து விவசாயிகளுக்குக் காரணம் உண்டு.

1990களில் சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கப் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவை நிறத்தையும் அழுக்கையும் குறைத்தன. நீரில் கரைந்திருந்த உப்பை நீக்கவில்லை. பயிரைக் கெடுத்ததோ அந்த உப்புதான். 1992-ல் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் வரை வழக்கு போனது. கருவி வேலை செய்தது, ஆனால் நம் பிரச்சினைக்கு அது தீர்வாக இல்லை. சூரிய சக்தி பம்புசெட்டிலும் இதையேதான் பார்க்க வேண்டும். பேனல் மின்சாரம் தரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் தோட்டத்தின் குறை மின்சாரமா, தண்ணீரா?

ஆழம்தான் முதல் கணக்கு

5 ஹெச்.பி. பம்புசெட்டுக்குச் சுமார் 5 கிலோவாட் பேனல் தேவை. நல்ல வெயில் நாளில் அது ஏறக்குறைய 20 யூனிட் மின்சாரம் தரும். மோட்டாரில் ஏற்படும் இழப்பைக் கழித்துவிட்டால், ஒரு நாளில் கிடைக்கும் நீர் தோராயமாக இப்படி இருக்கும்:

- 100 அடியிலிருந்து: 1,10,000 லிட்டர்
- 300 அடியிலிருந்து: 36,000 லிட்டர்
- 900 அடியிலிருந்து: 12,000 லிட்டர்

ஆழம் மூன்று மடங்கானால் தண்ணீர் மூன்றில் ஒரு பங்காகிவிடும். இங்கு ஆழம் என்பது போர் போட்ட ஆழமல்ல. மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் எங்கே நிற்கிறதோ அந்த ஆழம். அதோடு மேல்நிலைத் தொட்டியின் உயரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சொட்டுநீரில் ஒரு தென்னைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 80 லிட்டர் என்று வைத்தால், 70 மரம் உள்ள ஓர் ஏக்கருக்கு 5,600 லிட்டர் வேண்டும். 300 அடி நீர்மட்டத்தில் ஆறு ஏக்கர் வரை சமாளிக்கலாம். 900 அடியில் இரண்டு ஏக்கர்தான். வாய்க்கால் பாசனம் என்றால் அதுவும் முடியாது. இந்தக் கணக்கு போரில் அவ்வளவு ஊற்று இருந்தால்தான் செல்லும். ஊற்று இல்லாத போரில் எந்த மோட்டாரும் தண்ணீரை உருவாக்காது.

யாருக்கு லாபம்?

பல்லடம், உடுமலை, பூளவாடி பக்கம் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல மில் மற்றும் பனியன் கம்பெனி முதலாளிகளுடையவை. தொழிற்சாலைக்கு மின்சாரம் யூனிட் கணக்கில் காசு, காற்றாலை முதலீட்டுக்கு வருமான வரியில் தேய்மானச் சலுகையும் இருந்தது. அதனால் அவர்களுக்குப் போட்ட பணம் திரும்பியது. நம் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசம்.

ஆகவே இலவச இணைப்பு உள்ளவருக்கு சோலாரால் மிச்சமாகும் பணம் எதுவுமில்லை. ராத்திரி முறை மின்சாரத்துக்குத் தோட்டத்துக்கு ஓட வேண்டாம், பகலிலேயே தண்ணீர் கட்டலாம் என்ற வசதி மட்டுமே லாபம்.

டீசல் இன்ஜின் வைத்திருப்பவருக்கு நிலைமை வேறு. மணிக்கு ஒரு லிட்டர், நாளுக்கு 5 மணி நேரம், ஆண்டுக்கு 150 நாள் என்றால் 750 லிட்டர் ஆகிறது. லிட்டர் 90 ரூபாய் என்றாலும் 67,500 ரூபாய். மானியம் போக உங்கள் பங்கு ஒன்றரை லட்சம் என்று வைத்தால், இரண்டேகால் ஆண்டில் பணம் திரும்பிவிடும். இவர்கள் தயங்க வேண்டியதில்லை. இணைப்புக்கு விண்ணப்பித்துப் பல ஆண்டு காத்திருப்பவர்களும் யோசிக்கலாம். ஆனால் சோலார் போட்டால் மின் இணைப்பு வரிசையில் தங்கள் இடம் என்னவாகும் என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் வானிலை

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் மேகமும் வரும். மழை மட்டும் நமக்கு வராது. பயிருக்குத் தண்ணீர் வேண்டிய அந்த நேரத்தில் மேகம் மறைத்துப் பேனலின் உற்பத்தி குறையும். எனவே ஒரு நாள் தேவையைவிடக் கூடுதலாகக் கொள்ளும் தரைமட்டத் தொட்டியோ, தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டையோ இல்லாமல் சோலார் போடக்கூடாது. பேட்டரியைவிடத் தொட்டி மலிவு.

பேனலுக்கு நிழல் படாத இடம் ஏறக்குறைய ஒரு சென்ட் வேண்டும். ஒரு பேனல் மேல் தென்னை மட்டை நிழல் விழுந்தாலே மொத்த வரிசையின் உற்பத்தியும் குறையும். மில், கோழிப்பண்ணை அருகே பஞ்சும் தூசியும் படியும். வாரம் ஒருமுறை காலையிலேயே தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் வெள்ளையாகப் படியும், தவிர்க்கவும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. என் நீர்மட்டத்தில் இந்தப் பம்பு ஒரு நாளில் எத்தனை லிட்டர் தரும்? எழுதித் தருவீர்களா?
2. ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கன்ட்ரோலரும் மோட்டாரும் அடங்குமா?
3. பழுது சொன்னால் எத்தனை நாளில் ஆள் வருவார்? அருகில் சர்வீஸ் ஆள் எந்த ஊரில் இருக்கிறார்?
4. இடி, காற்று, திருட்டுக்குக் காப்பீடு உண்டா?

முடிந்தால், உங்கள் நீர்மட்டத்தை ஒத்த தோட்டத்தில் ஏற்கெனவே சோலார் போட்டவரை மேகமூட்டமான ஒரு நாளில் போய்ப் பாருங்கள். நல்ல வெயிலில் எல்லாப் பம்பும் நன்றாகத்தான் ஓடும்.

கடைசியாக ஒன்று. சோலாரில் ஓட்ட ஓட்டச் செலவில்லை என்பதால் நாள் முழுக்க ஓட்டத் தோன்றும். நிலத்தடி நீர் ஏற்கெனவே அதிகமாக உறிஞ்சப்பட்ட பகுதிகளில் அது பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றையும் சேர்த்து வற்றவைக்கும். சொட்டுநீர் அமைத்த பிறகே சோலார் என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள்.

2019-ல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் மானியம் தருகின்றன. உங்கள் பிரிவுக்கான மானிய விகிதம், தேவையான ஆவணங்கள் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம். போகும்போது நீர்மட்டம், ஊற்றளவு, பயிர்ப் பரப்பு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். சோலார் உங்கள் தோட்டத்துக்கு ஆகுமா ஆகாதா என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.