கலையாத லினக்ஸ் கூட்டம்

1991 ஆகஸ்ட் 25. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஒரு இயங்குதளம் எழுதிவருவதாக இணையத்தில் அறிவித்தார். வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக வளராது என்றும் சொல்லிவைத்தார். அடுத்த மாதம் வெளியான முதல் வடிவம் ஏறத்தாழ 10,000 வரிகள். அதைப் படித்துத் திருத்தம் அனுப்பியவர்களுக்குக் கூலி கிடையாது, ஆசை ஒன்றுதான்.

இன்று அந்த இயங்குதளத்தின் மையநிரலான லினக்ஸ் கெர்னல் 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர் எல்லார் சட்டைப்பையிலும் அது இருக்கிறது. 9, 10 வாரங்களுக்கு ஒரு பதிப்பு. ஒவ்வொன்றிலும் சுமார் 2,000 பேரின் உழைப்பு. அவர்களில் பெரும்பாலோர் இன்டெல், ரெட் ஹேட், கூகுள் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள்.

ஆட்கள் மாறினார்கள், சோறு போடுகிறவர்களும் மாறினார்கள். கூட்டம் மட்டும் கலையவில்லை. வேலை நடக்கும் விதம் மாறாததே காரணம் என்று நினைக்கிறேன். இன்றும் திருத்தம் சாதாரண மின்னஞ்சலில்தான் வருகிறது. திருத்தப்படும் பகுதியைப் பராமரிப்பவர் ஊரறிய அதை வரிவரியாகப் படிக்கிறார்; பிழை இருந்தால் காரணம் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். மாணவர் அனுப்பினாலும் பெரிய நிறுவனத்துப் பொறியாளர் அனுப்பினாலும் வழி இதுதான். 2005இல், நிரலின் மாற்றங்களைப் பதிந்து காத்துவந்த பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் கைவிட்டுப் போனபோதும் வேலை நிற்கவில்லை. சில நாட்களிலேயே டோர்வால்ட்ஸ் அதற்கு மாற்றாக ‘கிட்’டை எழுதினார், இன்று உலகெங்கும் நிரலாளர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மாறவேண்டிய ஒன்றும் இருந்தது. முன்பெல்லாம் அந்த மின்னஞ்சல்களில் வரும் சுடுசொல்லைத் தாங்குவதே தகுதியாக எண்ணப்பட்டது. எத்தனை திறமைசாலிகள் வாசலோடு திரும்பினார்களோ! 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸே மன்னிப்புக் கேட்டுச் சிலகாலம் ஒதுங்கினார். நடத்தை விதிகளும் வந்தன. தாமதம்தான், ஆனாலும் நல்ல மாற்றம்.

2024 அக்டோபரில் பொருளாதாரத் தடைகளைக் காட்டி, ரஷ்யத் தொடர்புள்ள சிலரின் பெயர்கள் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நாட்டு எல்லை பாராமல் வளர்ந்த கூட்டத்துக்கு அது ஆழமான காயம்.

என் கவலை வேறு. எழுதுகிறவர் பெருகிய அளவுக்குப் படித்துப் பார்க்கிறவர் பெருகவில்லை. பராமரிப்பாளர்கள் களைத்துப்போகிறார்கள், சிலர் விலகியும் விட்டார்கள். லினக்ஸால் வாழும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊழியர் நிரல் எழுதும் நேரத்துக்குச் சம்பளம் தருகிறீர்கள், பிறர் எழுதியதை அவர் படித்துத் திருத்தும் நேரத்துக்கும் தாருங்கள்.