தீயில்லாத பதம்

இளநீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள். இளநீரின் மணமே அதில் இருக்காது. கிருமியைக் கொல்லும் சூடு மணத்தையும் கொண்டுபோய்விடுகிறது. புட்டியில் அடைக்க நினைப்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. அதற்குக் கிடைத்த நல்ல வழிகளில் ஒன்று, சூட்டுக்குப் பதில் அழுத்தம்.

இளநீரைப் பிளாஸ்டிக் புட்டியில் நிரப்பி மூடித் தடித்த எஃகுக் கலத்துக்குள் அடுக்குகிறார்கள். கலம் நிறையத் தண்ணீர் விட்டு, மேலும் மேலும் தண்ணீரைத் திணிக்கிறார்கள். உள்ளே அழுத்தம் நாம் வாழும் காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 6,000 மடங்காகிறது. கடலின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியில்கூட அது 1,100 மடங்கை ஒட்டியே இருக்கும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். இந்த அழுத்தத்தில் தண்ணீரே 15 சதவீதம் அளவுக்குச் சுருங்குகிறது. அதனால் வளைந்துகொடுக்காத கண்ணாடிப் புட்டி இங்கே உதவாது.

உணவு நசுங்கிவிடாதா? நசுங்காது. ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால்தான் திராட்சை நசுங்கும்; இங்கே தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுத்துகிறது. உள்ளே காற்றறைகள் கொண்ட ரொட்டி போன்றவைதான் தாங்காமல் ஒடுங்கிப்போகும்.

கிருமி ஏன் சாகிறது? அதன் உறையும் புரதங்களும் நொய்மையான பிணைப்புகளால் உருவம் பெற்றவை. அழுத்தம் அவற்றைக் குலைத்துவிடுகிறது. வைட்டமினும் மணப்பொருளும் சிறிய மூலக்கூறுகள். அவற்றின் வலுவான பிணைப்புகளை அழுத்தம் பெரும்பாலும் தொடுவதில்லை. 1914இல் பிரிட்ஜ்மன் என்ற அமெரிக்க இயற்பியலர் முட்டையின் வெள்ளைக்கருவை அடுப்பில்லாமல் அழுத்தத்தாலேயே உறையவைத்துக் காட்டினார். அதற்கும் முன்பே, 1899இல், மேற்கு வர்ஜீனியாவில் பெர்ட் ஹைட் என்பவர் பாலை இவ்வாறு அழுத்திக் கெடாமல் காக்க முயன்றார். ஆனால் கடைக்கு வந்த முதல் பண்டம் 1990இல் ஜப்பானில் விற்ற பழ ஜாம்தான். அவ்வளவு அழுத்தத்தை நாள்தோறும் தாங்கும் பெரிய கலங்களைச் செய்வது எளிதல்லவே.

இதன் எல்லையை மறைக்கக் கூடாது. சில பாக்டீரியாக்கள் கெட்டியான வித்துகளாக ஒடுங்கிக்கொள்ளும். உயிர்க்கொல்லி நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினமும் அத்தகையதே. அந்த வித்துகள் இந்த அழுத்தத்துக்கும் தப்பிவிடும். புளிப்புள்ள பழச்சாற்றில் அவை முளைப்பதில்லை. இளநீரில் புளிப்பு குறைவு. அங்கே குளிர்தான் காவல். ஆகவே, இப்படிப் பதப்படுத்திய இளநீரைக் குளிர்ப்பெட்டியில் வைத்து விற்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.