முகவரி இரவல் தரும் கணினி

காட்டுப்பள்ளி துறைமுகத்தை நம்பிச் சிறு அலுவலகம் நடத்தும் சகோதரர்கள் சிலர், "பிரிண்டர் திடீர்னு நின்னுடுது ஹஜ்ரத்" என்பார்கள். பார்த்தால் இரண்டு கருவிகளுக்கு ஒரே ஐபி முகவரியைக் கையால் கொடுத்திருப்பார்கள். சரக்கு ஆவணம் அச்சாகாமல் லாரி வாசலில் நிற்கும்.

1993இல் வந்த டிஎச்சிபி இதற்குத்தான். நாலைந்து கணினிக்கு ரவுட்டரே போதும். கூடினால், பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, அதற்கு 192.168.1.2 என நிலையான முகவரி கொடுங்கள். 100 முதல் 200 வரை அது பங்கிடட்டும். ரவுட்டரின் முகவரியையும் சேர்த்தே சொல்லட்டும். கொடுப்பது தவணைக்குத்தான், ஃபிக்ஹில் நாம் படிக்கும் இரவல் போல. புதுப்பிக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். பிரிண்டருக்கு மட்டும் அதன் மேக் எண்ணைப் பதிந்து 192.168.1.10 ஒதுக்குங்கள்.

ரவுட்டரிலுள்ள டிஎச்சிபியை மறக்காமல் அணையுங்கள். இருவர் பங்கிட்டால் ஒரே முகவரி மறுபடி இரண்டு கைக்குப் போகலாம்.