படிக வழுக்களை அளவிடல்: எலக்ட்ரான் விளிம்பு விளைவும் தமிழ்க் கலைச்சொல் தெரிவும்

முன்னுரை

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் கடற்கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்சுத் துகள்களாகும். சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்கள் ஒரே ஒழுங்கில் மீளமீள அடுக்கப்பெற்று அமைவது குவார்ட்சுப் படிகம். எனினும், இயற்கையில் முற்றொழுங்குடைய படிகம் இல்லை. அவ்வொழுங்கின் பிறழ்ச்சிகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எவ்வாறு அளக்கப்படுகின்றன என்பதை விளக்குவதும், அவற்றைச் சுட்டும் 'குறைபாடு', 'மாசு' ஆகிய பாடநூற் சொற்களின் பொருத்தத்தை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பிறழ்ச்சியின் வகைகள்

புள்ளி அளவிலான பிறழ்ச்சிகள் மூன்று. அணு இருக்கவேண்டிய இடம் வெறுமையாதல், இரண்டு இடங்களுக்கு நடுவே மிகை அணு புகுதல், ஓர் அணுவின் இடத்தை வேறோர் அணு பெறுதல் என்பன அவை. சுவடிப் பதிப்பில் பழகியோர் இவற்றை முறையே எழுத்து விடுபாடு, இடைச்செருகல், பாடவேறுபாடு ஆகியவற்றோடு ஒப்பிட்டு உணரலாம்.

கோட்டளவிலான பிறழ்ச்சி வேறு தன்மையது. ஓர் அணுத்தளம் படிகத்தின் உள்ளேயே முடிந்துவிடின், அது முடியும் விளிம்பு ஒரு கோடாக அமைகிறது. உலோகங்கள் எளிதில் வளைவதற்கு இக்கோடுகளின் நகர்ச்சியே காரணம் என 1934இல் டெய்லர், ஒரோவான், பொலானி ஆகியோர் தனித்தனியே விளக்கினர். 'இடப்பெயர்ச்சி' என்னும் சொல் இயற்பியல் பாடநூல்களில் வேறொரு கருத்துக்கு உரியதாகிவிட்டமையால், இக்கட்டுரை இதனை 'நிரைப்பிறழ்வு' எனக் குறிக்கிறது.

அளக்கும் முறை

படிக ஒழுங்கின்மையைக் கதிர்கொண்டு படமாக்கும் முயற்சி தமிழ் அறிஞர்களுக்குப் புதியதன்று. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்ற ஜி. என். இராமச்சந்திரன், 1944இலேயே வைரத் தகடுகளை எக்ஸ் கதிர்களால் படமெடுத்து ஆராய்ந்தவர். ஆனால், தனித்தனி நிரைப்பிறழ்வுகளை நுணுக்கமாகக் காண எலக்ட்ரான் கற்றை ஏற்றது. 2 இலட்சம் வோல்ட் மின்னழுத்தத்தால் முடுக்கப்பெற்ற எலக்ட்ரானின் அலைநீளம் ஏறத்தாழ 0.0025 நானோமீட்டர். இது படிகத்தின் அணுத்தள இடைவெளியினும் நூறு மடங்களவு சிறிது.

கனிமம் ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமனுக்கு மெலிதாக்கப்படுகிறது. அதனூடே செல்லும் கற்றையின் ஒரு பகுதியை அணுத்தளங்கள் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிவிட, ஒழுங்கான புள்ளிக்கோலம் தோன்றுகிறது. இதுவே விளிம்பு விளைவுக் கோலம். ஒரு தளவரிசை மட்டும் வலுவாகத் திருப்புமாறு மாதிரியைச் சாய்த்தால், நிரைப்பிறழ்வைச் சுற்றித் தளங்கள் வளைந்துள்ள இடத்தில் மட்டும் திருப்பம் வேறுபடும். அவ்விடம் ஒளிர்புலத்தில் கருங்கோடாகத் தெரியும். 1956இல் கேம்பிரிட்ஜில் ஹிர்ஷ், ஹார்ன், வீலன் ஆகியோர் அலுமினியத்தில் இவ்வாறே நிரைப்பிறழ்வுகளைக் கண்டனர். நோக்குவோர் காண்பது அணுக்களை அன்று. பிறழ்வைச் சூழ்ந்த வளைவின் சுவட்டையே.

அணுக்கள் விலகிய திசையும் அளவும் பர்கர்ஸ் வெக்டர் எனப்படும். விலகல், திருப்பும் தளத்திற்கு இணையாக அமையின் கோடு பெரும்பாலும் மறைந்துவிடும். எந்தெந்தத் தளவரிசையில் மறைகிறது எனக் கண்டால் விலகலின் திசை வெளிப்படும்.

பிறழ்வுகளின் அடர்த்தியாவது, ஒரு கனஅளவிலுள்ள கோடுகளின் மொத்த நீளத்தை அக்கனஅளவால் வகுத்துப் பெறுவது. காட்டாக, 2 மைக்ரோமீட்டர் பக்கமுடைய சதுரப் பரப்பும் 0.1 மைக்ரோமீட்டர் தடிமனும் உள்ள பகுதியின் கனஅளவு 0.4 கன மைக்ரோமீட்டர். அதில் கோடுகளின் மொத்த நீளம் 4 மைக்ரோமீட்டர் எனின், அடர்த்தி சதுர மைக்ரோமீட்டருக்கு 10; அதாவது, சதுர மீட்டருக்கு 10 இலட்சம் கோடி. தடிமனை அளப்பதில் நேரும் பிழையும், ஒரு தளவரிசையில் மறையும் கோடுகளும் கணக்கைப் பிறழச்செய்யும். குவார்ட்சை எலக்ட்ரான் கற்றையே சிதைக்கும் என்பதால் நோக்குநேரமும் குறுகியது.

பாறை ஆழத்தில் நெடுங்காலம் உருமாறும்போது, இவ்வடர்த்தி அது தாங்கிய தகைவின் இருமடிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் அமைகிறது. பின்னர் வெப்பமுற்றால் பிறழ்வுகள் குறையும். ஆகவே பிறழ்வுகள் கனிமத்தின் வரலாற்று ஆவணங்களாகின்றன.

சொல் தெரிவு

நிலக்கரிச் சாம்பலும் ஆலைப்புகையும் அன்றாடப் பேச்சாகிய எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதி மாணவர்க்கு 'மாசு' என்பது கேட்டையே உணர்த்தும். ஆனால், கொரண்டம் என்னும் நிறமற்ற கனிமத்தில் அலுமினியத்தின் இடத்தைச் சிறிதளவு குரோமியம் பெறுவதாலேயே மாணிக்கம் சிவக்கிறது. அதனை மாசு எனல் பொருந்தாது. மிகை அணு புகுதலைக் 'குறைபாடு' எனலும் முரணே. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மணிகளின் குற்றங்களைக் கூறுகிறது. அது மணியின் தரத்தை மதிப்பிடும் நோக்கு. அறிவியலுக்கு வேண்டுவது ஒழுங்கினின்று விலகியமையைச் சுட்டும் சொல்.

இலக்கண மரபிலுள்ள 'வழு' இதற்கு ஏற்றது. வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் பாகுபாடும் துணைசெய்யும். தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் எப்படிகத்திலும் சில வெற்றிடங்கள் வெப்ப இயக்கவியல்படி இருந்தே தீரும். இவற்றை வழுவமைதியோடு ஒப்பிடலாம். நிரைப்பிறழ்வுகளுக்கு அவ்வியல்பு இல்லை. வழுவமைதி சொல்வோன் கருத்தைப் பற்றியது, வெற்றிடம் ஆற்றலைப் பற்றியது என்பதே இவ்வொப்புமையின் எல்லை. கணினித் துறையில் 'வழு' நிரற்பிழையைக் குறிப்பினும், 'படிக வழு' என அடைகொடுக்க மயக்கம் நீங்கும்.

முடிவுரை

எலக்ட்ரான் விளிம்பு விளைவு படிக வழுக்களின் திசையையும் அடர்த்தியையும் அளந்து, கனிமத்தின் கடந்தகாலத்தை அறியச்செய்கிறது. 'குறைபாடு', 'மாசு' என்னும் சொற்கள் அவ்வழுக்களை நீக்கத்தக்கனவாக மட்டும் காட்டுகின்றன. படிக வழு, நிரைப்பிறழ்வு, இடைச்செருகல் ஆகிய சொற்கள் அவற்றைப் படிக்கத்தக்கனவாகக் காட்டும். கலைச்சொல்லாக்கத்தில் இலக்கண, பதிப்பியல் மரபுகளின் சொல்வளத்தையும் கருதவேண்டும் என்பது இவ்வாய்வின் முடிபு.