ஸ்ப்ரிங் ஏர்கன்: ஸ்பீடு முக்கியமா, க்ரூப் முக்கியமா?

கோயமுத்தூர்ப் பக்கம் ஏர்கன் பேச்சு வந்தாலே முதல் கேள்வி, "ஸ்பீடு எவ்வளவுங்க?" அடுத்தது, "இதவிடக் கெட்டியான ஸ்ப்ரிங் போடலாமுங்களா?" என்னைக் கேட்டால், ட்யூனிங் என்பது துப்பாக்கியை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சுட வைக்கிறது. ஏன்னு புரிய, உள்ளே நடக்கிறதைப் பார்க்கணும்.

ட்ரிகரை இழுத்ததும் ஸ்ப்ரிங் பிஸ்டனை முன்னால் தள்ளும். சிலிண்டர்ல இருக்கிற காத்து அமுங்கிச் சூடாகும். சைக்கிள் பம்பு சூடாகுமே, அதேதான். வேகம் மட்டும் பல மடங்கு. பிஸ்டன் அந்தக் காத்து மெத்தையில மோதிக் கொஞ்சம் பின்னால எகிறி, திரும்ப முன்னால வரும். ரவை குழலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் ஆரம்பிச்சிடும். ஸ்ப்ரிங் கெட்டியாக ஆக, ஆட்டமும் கூடும், குறி சிதறும்.

எண்ணெய் இன்னொரு சங்கதி. இங்கிலாந்தைச் சேர்ந்த கார்டியூ என்ற ஆய்வாளர்கள், அப்பாவும் மகனும், ஆக்சிஜன் இல்லாத நைட்ரஜன்ல ஸ்ப்ரிங் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தாங்க. வேகம் நல்லாவே குறைஞ்சது. சாதாரணமா சுடும்போது சிலிண்டர்ல துளி எண்ணெய் எரிஞ்சு உதவுதுன்னு அதுல தெரிஞ்சது. ஆனா அதிகமா எண்ணெய் விட்டா பெரிய வெடிச்சத்தம், புகை, ஷாட்டுக்கு ஷாட் மாறும் வேகம், சீல் நாசம்.

அப்போ ட்யூனிங்ல செய்ய வேண்டியது என்ன? ஸ்ப்ரிங்குக்கு உள்ளே இருக்கிற கைடு லூசா இருந்தா சுட்டதும் "ட்ர்ர்ங்" என்று அதிரும். சரியா பிடிக்கிற மாதிரி ஒரு நைலான் கைடு கடைஞ்சு போடலாம். நம்ம ஊர்ல லேத் பட்டறைக்கா பஞ்சம்? பிஸ்டன் சீல் தேய்ஞ்சிருந்தா மாத்தணும். குழல் மடங்குற இடத்துல மெல்லிய காகிதத் துண்டை வெச்சுச் சுட்டா, அது பறந்தால் அங்கே காத்து கசியுது. ஸ்டாக் ஸ்க்ரூவெல்லாம் இறுக்கமா இருக்கணும். ஒரு எச்சரிக்கை: லோடு பண்ணாத துப்பாக்கியிலும் ஸ்ப்ரிங் அமுங்கித்தான் இருக்கும். கிளாம்ப்ல பிடிக்காம கழட்டினா மூஞ்சியில பாயும்.

இனி ரவை. உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்து, பின்பக்கம் குழிவா இருக்கும். காத்தழுத்தத்துல அந்தப் பின்விளிம்பு விரிஞ்சு குழலை அடைக்கும். 7 கிரெய்ன் ரவை (0.454 கிராம்) வினாடிக்கு 250 மீட்டர்ல போனா சக்தி சுமார் 14.2 ஜூல். 10.65 கிரெய்ன் ரவை (0.69 கிராம்) 200 மீட்டர்ல போனா 13.8 ஜூல். வேகத்துல 50 மீட்டர் வித்தியாசம். சக்தியில கிட்டத்தட்ட ஒண்ணுதான். டப்பா மேல போட்டிருக்கும் வேகத்தை நம்பி ரவை வாங்க வேண்டாம் என்பது இதனாலதான்.

ஒப்பிடுறது எப்படி? 10 மீட்டர் தூரம், உட்கார்ந்த நிலை, துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காம உள்ளங்கையில மெதுவா தாங்கணும். இறுக்கினா ஆட்டம் மாறும். புது ரவைக்கு மாறியதும் 15, 20 ஷாட் கணக்குல சேர்க்காம சுட்டுட்டு, அப்புறம் 10 ஷாட். ரொம்பத் தள்ளியிருக்கிற ரெண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளக்கணும். மூணு ஷாட் க்ரூப் அழகா விழுறது பெரும்பாலும் அதிர்ஷ்டம். முடிஞ்சதும் கையைக் கழுவுங்க, ரவை ஈயம்.

கடைசியா ஒரு விஷயம். 2016 ஆயுத விதிகள்படி 20 ஜூலுக்கு மேலோ, துளை 4.5 மி.மீ.க்கு மேலோ போனால் லைசென்ஸ் வேணும். கெட்டி ஸ்ப்ரிங் போடுறவங்க அந்தக் கோட்டைத் தெரியாமலே தாண்டலாம். தோட்டத்துல மயில் தொல்லை நிஜம்தான். ஆனா மயில் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில இருக்கு. ஏர்கன் அதுக்குத் தீர்வே கிடையாது. காகிதத்துல சுடுங்க. போட்டி டார்கெட்டோட நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ. அதைத் தொட ஸ்பீடு உதவாது.