மூக்கு முன்னாலா, பின்னாலா?

கடற்கரையில் பொறுக்கிய சிப்பியைக் காட்டி, "இதுக்குத் தலை எந்தப் பக்கம் சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் கொஞ்சம் தடுமாறித்தான் போவோம். இதே கேள்வியில் ஆய்வாளர்களே மாட்டிக்கொண்ட உயிரினம் ஒன்று உண்டு. அதன் பெயர் யோக்கெல்சியோனெல்லா.

ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் காலக் கடலில் வாழ்ந்து அழிந்த மெல்லுடலிப் பேரினம் இது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் கிடைத்த உயிர்ச்சுவடுகளைக் கொண்டு ரன்னகர், போஜெட்டா இருவரும் 1974இல் இதை விவரித்தார்கள். எல்லிஸ் யோக்கெல்சன் என்ற அமெரிக்கத் தொல்லுயிரியலாளரைச் சிறப்பிக்கவே இந்தப் பெயர்.

ஓட்டின் அளவு சில மில்லிமீற்றர்தான். பார்க்க வளைந்த தொப்பி மாதிரி. உச்சி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்குக் கீழே சின்னக் குழாயொன்று மூக்குப்போல நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் முதல் இனத்துக்கு, பெரிய மூக்குக்குப் பேர்போன பிரெஞ்சு நாடக நாயகன் சிரானோவின் பெயரை வைத்தார்கள்.

பிரச்சினையே இந்த மூக்கில்தான். அது தலைப்பக்கம் இருந்தது, செவுளுக்கு நீரை உள்ளே எடுத்தது என்பது ஒரு கட்சி. அவர்கள் இதை ஒற்றையோட்டு மெல்லுடலிகளோடு சேர்த்தார்கள். இல்லை, அது பின்பக்கம், நீரை வெளியேற்றிய வழி என்பது மறுகட்சி. அந்தக் கட்சியைச் சேர்ந்த பீல், 1991இல் ஹெல்சியோனெல்லொய்டா என்ற தனி வகுப்பையே அமைத்தார்.

ஓடு கல்லில் தங்கிவிட்டது. மென்மையான உடல் தங்கவில்லை. முன் எது, பின் எது என்று தீராமல் இது யாருக்கு உறவு என்றும் தீராது. வகைப்பாடு என்பது பெயர்ப் பட்டியல் அல்ல, ஒரு வாதம் என்பதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த இந்தச் சின்ன மூக்கே போதும்.